இரவல் புல்வெளியும் வில்பர் ரைட்டும்

திருநாவலூரிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்பவர்கள் அங்கே ஒரு பழைய விமான ஓடுதளம் இருப்பதை அறிவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டு, போர் முடிந்ததும் கைவிடப்பட்ட தளம் அது. அதற்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், பின்னர் அடங்கிவிடும். சிறுவயதில் என் தந்தையுடன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், சுற்றிலும் மணிலாக் கொடியும் கரும்பும் செழித்திருக்க, நடுவில் மட்டும் ஏதும் விளையாத ஒரு நீண்ட பரப்பு ஏன் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறேன். நிலம் ஒருமுறை இறுகிவிட்டால் இளகுவது கடினம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பொருளியல் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் அதைக் கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்ட பிறகு அந்த விடையின் ஆழம் எனக்குப் புரிகிறது.

அதைப் புரியவைத்தது வேறொரு விமானத் திடல். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, டேட்டன் நகரை அடுத்துள்ள ஹஃப்மன் புல்வெளியைப் பார்க்கச் சென்றேன். பெரியதொரு விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள் இருந்தும் அங்கே ஓடுதளம் இல்லை, கோபுரம் இல்லை. புல்லும், ஒரு மரக்கொட்டகையின் மாதிரியும், விமானத்தை உந்திவிடும் பொறியின் மாதிரியும் மட்டுமே இருந்தன. மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட இடம் இதுதான் என்று அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்தப் புல்வெளியோடு பிணைந்த வில்பர் ரைட்டின் வாழ்க்கையை அதன் பிறகுதான் நான் ஊன்றிப் படித்தேன். அறிவியல் வரலாற்றில் அவருக்குள்ள இடம் எல்லோரும் அறிந்தது. நிலம், முதலீடு, உடைமை உரிமை ஆகியவை பற்றி அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வில்பர் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று இண்டியானா மாநிலத்தின் மில்வில் அருகே ஒரு சிறு பண்ணையில் பிறந்தார். தந்தை மில்டன் ரைட் கிறித்தவ சபை ஒன்றின் ஆயர். தாய் சூசன் வண்டி செய்பவரின் மகள். கருவிகளைக் கையாளும் திறமை பிள்ளைகளுக்குத் தாய்வழியே வந்தது என்பார்கள். வீட்டில் வேண்டிய சிறு சாதனங்களையும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களையும் அவரே செய்துகொடுப்பார். தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் டேட்டனில் நிலைத்தது. தம்பி ஆர்வில் 1871இலும், தங்கை காதரின் 1874இலும் பிறந்தனர். வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. எதையும் கேட்கவும் மறுக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை இருந்தது.

படிப்பில் சிறந்த வில்பரை யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது பற்றி வீட்டில் யோசித்திருந்தார்கள். 1885-86 குளிர்காலத்தில் பனித்தரையில் பந்தாடிக்கொண்டிருந்தபோது மட்டை ஒன்று அவர் முகத்தில் பலமாகத் தாக்கியது. முன்பற்கள் போயின, உடல்நலமும் மனத் தெம்பும் குலைந்தன. கல்லூரிக் கனவு கைவிடப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார். காசநோயால் நலிந்துகொண்டிருந்த தாயை அருகிலிருந்து கவனித்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் படித்தார். 1889இல் தாய் மறைந்தார். வேலையில்லாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் மகன் என்று ஊரார் எண்ணியிருக்கக்கூடிய அந்த ஆண்டுகள்தாம் அவருடைய பல்கலைக்கழகம். பட்டம் பெறாத ஒருவர் பின்னாளில் ஆய்வு முறையில் பட்டதாரிகளை விஞ்சியதற்கு அந்த வாசிப்பே அடித்தளம்.

அதன் பின் தம்பியுடன் சேர்ந்து அச்சகம் நடத்தினார். 1892இல் இருவரும் மிதிவண்டிக் கடை வைத்தார்கள். மிதிவண்டி மோகம் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த காலம் அது. 1896 முதல் சொந்தமாகவே மிதிவண்டிகளைத் தயாரித்து விற்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், சறுக்கு விமானங்களில் எண்ணற்ற முறை பறந்து காட்டிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால் விபத்தில் இறந்த செய்தி வந்தது. அப்போது டைஃபாய்டு காய்ச்சலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஆர்வில்லை வில்பர் கவனித்துக்கொண்டிருந்தார். பறத்தல் பற்றிய பழைய ஆர்வம் அவருக்குள் மீண்டும் மூண்டது அப்போதுதான்.

1899 மே 30 அன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பறத்தல் தொடர்பாக அதுவரை வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் கேட்டுப் பெற்றார். மற்றவர்கள் பொறியின் ஆற்றலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, சமநிலையும் கட்டுப்பாடும்தான் முதன்மையான சிக்கல் என்று வில்பர் கண்டார். மிதிவண்டியை அறிந்தவருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்க வேண்டும். ஓடும்போது சாய்ந்துவிடாமல் ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் சரிசெய்துகொண்டே இருந்தால்தானே மிதிவண்டி நிற்கும்? கடையிலிருந்த ஒரு நீண்ட அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பார்த்தபோது, இறக்கைகளையும் அவ்வாறே முறுக்கி விமானத்தை இருபுறமும் சாய்க்கலாம் என்ற வழி அவருக்குப் புலப்பட்டது.

பலத்த காற்றும் மென்மணலும் தேடி, வட கரோலினா கடற்கரையிலுள்ள கிட்டி ஹாக் என்னும் ஒதுக்குப்புறத்துக்கு 1900 முதல் சகோதரர்கள் சென்றார்கள். 1901ஆம் ஆண்டுச் சறுக்கு விமானம் ஏமாற்றியது. லிலியந்தாலின் அட்டவணைகளைக் கொண்டு கணித்த தூக்குவிசை கிடைக்கவில்லை. மனம் தளர்ந்து ஊர் திரும்பியவர்கள், கடையின் மாடியில் ஒரு சிறு காற்றுச் சுரங்கத்தை அமைத்து ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். பிறர் தந்த எண்களை நம்பியது போதும், இனி நாமே அளப்போம் என்ற அந்த முடிவுதான் அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தது. 1902இல் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று, கடைப் பணியாளர் சார்லி டெய்லர் செய்துகொடுத்த பொறியுடன் நான்கு முறை பறந்தார்கள். முதலில் ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி. கடைசியாக வில்பர் 59 விநாடிகளில் 852 அடி.

இந்த ஆய்வுகளுக்கு அவர்கள் செலவிட்டது 1,000 டாலருக்கும் குறைவு. முழுவதும் மிதிவண்டிக் கடையின் இலாபம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவரான சாமுவேல் லாங்லி, அமெரிக்கப் போர்த்துறை தந்த 50,000 டாலரில் கட்டிய விமானம், ஒன்பது நாள் முன்னதாக, டிசம்பர் 8 அன்று போட்டோமக் ஆற்றில் விழுந்து மூழ்கியது. இதைக் கொண்டு அரசு முதலீடு வீண் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது அவசர முடிவு. லாங்லி திரட்டிய நூல்களும் ஸ்மித்சோனியன் அனுப்பிய ஏடுகளும் இல்லாமல் வில்பரின் தொடக்கம் இல்லை. தவறு பணத்தின் அளவில் இருக்கவில்லை. சிறு சிறு சோதனைகளால் கற்றுக்கொண்டே போகாமல், ஒரே பாய்ச்சலில் முடித்துவிட எண்ணிய முறையில்தான் இருந்தது.

ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்தப் பறத்தல், பயன்படத்தக்க விமானம் ஆகாது என்பதை வில்பரே நன்கு அறிந்திருந்தார். திரும்பவும், வட்டமிடவும், நினைத்த இடத்தில் இறங்கவும் தெரிய வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கடையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கடற்கரைக்குப் போக முடியாது. வீட்டுக்கு அருகில் ஒரு வெளி தேவைப்பட்டது. டேட்டனுக்குக் கிழக்கே 8 மைல் தொலைவில், சிம்ஸ் நிறுத்தம் என்னும் இடத்தில் மின்வண்டிப் பாதையை ஒட்டி அப்படியொரு மேய்ச்சல் நிலம் இருந்தது. பரப்பு சுமார் 84 ஏக்கர். உரிமையாளர் டோரன்ஸ் ஹஃப்மன், டேட்டன் நகர வங்கி ஒன்றின் தலைவர்.

சகோதரர்கள் அவரை அணுகினார்கள். வாடகை ஏதும் வேண்டாம் என்று அவர் நிலத்தைப் பயன்படுத்த இசைந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பறப்பதற்கு முன் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு வெளியே பத்திரமாக ஓட்டிவிட வேண்டும். நம் ஊரில் நிலத்தைப் பிறர் பயன்படுத்துவதற்குக் குத்தகை, வாரம், போக்கியம் என்று எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. இவை எதிலும் அடங்காதது இரவல். அறுவடை முடிந்த கழனியில் பிள்ளைகள் பந்தாடுவதும், கோடையில் கிடை போடுவதும், திருவிழாவுக்குக் கடைகள் வைப்பதும் அந்த இரவலில்தான் நடக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் ஏறாத இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கிராமத்தில் பாதி வாழ்க்கை நின்றுபோகும். வில்பருக்குக் கிடைத்ததும் அதுவே. உலகின் முதல் விமானத் திடலுக்குப் பட்டா மாற்றம் நடக்கவில்லை, வேலி மாறவில்லை, மாடுகள்கூட முழுவதுமாக வெளியேறவில்லை.

இடம் எளிதாகக் கிடைத்ததே தவிர, பறப்பது எளிதாக இல்லை. தரை முழுவதும் சிறு சிறு மேடுகள். அங்கங்கே முள் மரங்கள். சுற்றிலும் முள்வேலி. காற்றோ கிட்டி ஹாக்கைப் போல் ஒரே சீராக வீசவில்லை. திசை மாறிக்கொண்டே இருந்தது. கடல் மட்டத்தைவிட உயரமான இடம் என்பதாலும், கோடை வெப்பத்தாலும் காற்றின் அடர்த்தி குறைவு. சகோதரர்கள் தாங்களே புல்லை அரிந்து, ஒரு மரக்கொட்டகை கட்டினார்கள். 1904 மே 23 அன்று செய்தியாளர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்திருந்தார்கள். பொறி சரியாக இயங்கவில்லை. விமானம் எழும்பவே இல்லை. மூன்று நாள் கழித்து எழும்பியபோதும் சுமார் 25 அடி போய் விழுந்தது. வந்த செய்தியாளர்கள் சலித்துப்போய்த் திரும்பினார்கள். அதன் பிறகு நீண்ட காலம் அவர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

காற்று உதவாதபோது எடையைத் துணைக்கு அழைத்தார் வில்பர். 20 அடி உயர மரக்கோபுரம் ஒன்றை நட்டு, அதன் உச்சியிலிருந்து கனத்த இரும்பு எடைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். எடை கீழே விழும் வேகத்தில் கயிறு விமானத்தைத் தண்டவாளத்தின் மீது முன்னே இழுத்துவிடும். ஏற்றத்திலும் கவலையிலும் தண்ணீர் இறைத்த நம் முன்னோர் பார்த்திருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். 1904 செப்டம்பர் 7 முதல் இந்த ஏற்பாடு பயன்பட்டது. செப்டம்பர் 20 அன்று வில்பர் முதன்முறையாக ஒரு முழு வட்டம் பறந்து, கிளம்பிய இடத்தருகே இறங்கினார். ஒன்றரை நிமிடத்தில் நான்காயிரம் அடிக்குச் சற்று மேல். அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் ஏமஸ் ரூட். தேனீ வளர்ப்புக் கருவிகள் விற்பவர். தாம் நடத்திவந்த தேனீ வளர்ப்பு இதழில் 1905 ஜனவரியில் அவர் அதை விவரித்து எழுதினார். மனிதன் பறந்ததற்கான முதல் நேர்முக வருணனையை உலகுக்குத் தந்தது ஒரு தேனீ இதழ்தான்.

1905ஆம் ஆண்டு மூன்றாவது விமானம் வந்தது. ஜூலை 14 அன்று ஆர்வில் ஓட்டியபோது மூக்குப்புறமாக விழுந்து நொறுங்கியது. அவர் அதிர்ஷ்டவசமாகத் தப்பினார். முன்புறத்துச் சுக்கானைப் பெரிதாக்கி, முன்னே தள்ளி வைத்துத் திருத்தினார்கள். செப்டம்பர் கடைசியில் ஆர்வில் ஒரு முள் மரத்தைச் சுற்றித் திரும்பும்போது விமானம் நிமிர மறுத்தது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகம் கூட்டினால் கட்டுப்பாடு திரும்பும் என்ற பாடம் அன்று கிடைத்தது. இன்றும் விமானம் ஓட்டப் பழகுபவர் ஒவ்வொருவரும் கற்கும் பாடம் அது. அக்டோபர் 5 அன்று வில்பர் அந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிச் சுற்றி 39 நிமிடங்கள், 24 மைல் பறந்தார். எரிபொருள் தீர்ந்ததால்தான் இறங்கினார். பக்கத்து வயலில் மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருந்த உழவர், வேலையையும் பார்த்துக்கொண்டு, தலைக்கு மேல் வட்டமிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பயன்படத்தக்க முதல் விமானம் அன்று பிறந்தது. அருகிலிருந்த அறுவடை நிற்கவில்லை.

உலகம் இதை நம்பவில்லை. சயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற மதிப்புமிக்க இதழே 1906 ஜனவரியில் வெளிப்படையாக ஐயம் தெரிவித்தது. மறுபுறம், மின்வண்டியில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்க்கத் தொடங்கியதால், இரகசியம் கசிந்துவிடும் என்று சகோதரர்கள் அஞ்சினார்கள். காப்புரிமை இன்னும் கைக்கு வரவில்லை. விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை யாருக்கும் பறந்து காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1905 அக்டோபருக்குப் பின் 1908 மே வரை அவர்கள் ஒருமுறைகூடப் பறக்கவில்லை. புல்வெளி முழுவதும் மீண்டும் மாடுகளுக்கே உரியதாயிற்று. அந்த இரண்டரை ஆண்டுகளில் அங்கே சென்றவர்களுக்கு மேய்ச்சலைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது.

1906 மே 22 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது. 1908இல் அமெரிக்கப் படையுடனும் பிரெஞ்சு முதலீட்டாளர் குழுவுடனும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று பிரான்சின் லெ மான் அருகேயுள்ள குதிரைப் பந்தய மைதானத்தில் வில்பர் பறந்து காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏளனம் செய்துவந்த ஐரோப்பா எழுந்து நின்று கைதட்டியது. ஆண்டின் கடைசி நாளில் 2 மணி 20 நிமிடங்கள் வானில் இருந்தார். மன்னர்கள் வந்து பார்த்தார்கள். புகழ் அவரை அதிகம் மாற்றவில்லை. விமானக் கொட்டகையிலேயே படுத்துறங்கினார் என்று அறிகிறோம். ஆனால் செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்து, உடன் சென்ற செல்ஃப்ரிட்ஜ் என்ற இளம் படை அதிகாரி இறந்தார், ஆர்வில் படுகாயமுற்றார். 1909இல் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றியும், ஹட்சன் ஆற்றின் மேலும் வில்பர் பறந்ததை இலட்சக்கணக்கானோர் கண்டார்கள்.

1910இல் சகோதரர்கள் ஹஃப்மன் புல்வெளிக்குத் திரும்பினார்கள். இம்முறை அவர்கள் ஒரு நிறுவனத்தின் உரிமையாளர்கள். புதிய கொட்டகை எழுந்தது. பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1916 வரை நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே பறக்கக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்குத் தலைமை ஏற்ற ஹென்றி ஆர்னால்டு அவர்களுள் ஒருவர். 1910 மே 25 அன்று அண்ணனும் தம்பியும் ஒரே விமானத்தில் சேர்ந்து பறந்தார்கள். விபத்து நேர்ந்தால் ஒருவராவது எஞ்சி வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காக அதுவரை தவிர்த்துவந்தது அது. அதற்குப் பின்னும் அவர்கள் சேர்ந்து பறக்கவில்லை. அன்றே 81 வயதுத் தந்தையை ஆர்வில் வானுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டு நவம்பரில் கொலம்பஸ் நகரத்துத் துணிக்கடை ஒன்றுக்காகப் பட்டுத்துணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் அங்கிருந்து கிளம்பியது. விமான சரக்குப் போக்குவரத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது.

ஆனால் வில்பரின் மனம் அப்போது வானத்தில் இல்லை. இறக்கைகளை முறுக்கிச் சமன் செய்யும் முறைக்கு அவர்கள் பெற்ற காப்புரிமை மிக விரிந்த பொருளுடையது. வேறு வகையில் அதே விளைவைப் பெறும் அமைப்புகளும் அதற்குள் அடங்கும் என்று வாதிட்டார்கள். கிளென் கர்ட்டிஸ் என்னும் போட்டியாளர் மீது 1909இல் வழக்குத் தொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் வழக்குகள் நடந்தன. 1910 முதல் வில்பரின் நாள்கள் வழக்குரைஞர் அறைகளிலும் சாட்சியக் கூண்டுகளிலும் கழிந்தன. தொடக்க காலத்தில் திறந்த மனத்துடன் ஊக்கமூட்டிய முதியவர் ஆக்டேவ் சனூட்டுடனான நட்பிலும் இதனால் விரிசல் விழுந்தது. புதிய ஆய்வுகள் நின்றுபோயின. அவர் விமானம் ஓட்டுவதே அரிதாயிற்று.

திருநாவலூர்க்காரனாகிய எனக்கு இங்கே சுந்தரர் கதை நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரில் பிறந்த அவரை, திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து ஓர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று உரிமை கொண்டாடினார். சுந்தரர் அதைக் கிழித்தெறிந்தார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருந்தது; ஊர்ச்சபை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து முதியவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. வந்தவர் இறைவன் என்பதால் அந்த ஓலை சுந்தரருக்கு விடுதலையாயிற்று. வில்பரின் ஓலையும் வழக்கில் வென்றது. 1914இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சகோதரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஓலை அடிமைப்படுத்தியது எதிராளியை அல்ல, அதை வைத்திருந்தவரையே. தீர்ப்பைக் கேட்க வில்பர் உயிருடன் இல்லை.

1912 மே மாதத் தொடக்கத்தில் பாஸ்டன் பயணத்திலிருந்து காய்ச்சலுடன் வீடு திரும்பினார். டைஃபாய்டு என்று தெரிந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தம்பியைக் கொல்லப் பார்த்த அதே நோய். மே 30 அன்று விடியும் முன் உயிர் பிரிந்தது. வயது 45. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வழக்குகளின் அலைச்சலும் கவலையும் அவர் உடலை நலிவித்துவிட்டன என்று குடும்பத்தார் கடைசிவரை நம்பினார்கள். 1915இல் ஆர்வில் நிறுவனத்தை விற்றுவிட்டார். அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியபோது அதன் வீரர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வடிவமைப்பு விமானங்களிலேயே பறக்க நேர்ந்தது. அரசு தலையிட்டு, காப்புரிமைகளை எல்லா உற்பத்தியாளர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை உருவாக்கிய பிறகே அந்தச் சிக்கல் அவிழ்ந்தது. தொழில் பின்தங்கியதற்கு வழக்குகள் எந்த அளவு காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வில்பரின் கடைசி ஆண்டுகளை அவை விழுங்கின என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஒருவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைத்தவர் தம் உழைப்பின் பயனைக் காக்க விரும்புவது நியாயம். ஆயினும் அவர் வாழ்வின் பயன்மிக்க இரண்டு ஆண்டுகள், அவருக்குச் சொந்தமில்லாத நிலத்தில், யாரும் உரிமை பாராட்டாத ஏற்பாட்டில் கழிந்தன. பயனற்ற இரண்டு ஆண்டுகளோ, தமக்கே உரியதைக் காப்பதில் கழிந்தன. உடைமையும் இரவலும் ஒன்றையொன்று சமன் செய்தால்தான் புதியது பிறக்கும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

புல்வெளியின் கதை வில்பருடன் முடியவில்லை. 1913 மார்ச்சில் டேட்டன் நகரைப் பெருவெள்ளம் சூறையாடியது. ரைட் வீட்டிலிருந்த பறத்தல் நிழற்படக் கண்ணாடித் தகடுகள்கூட நீரில் மூழ்கிச் சேதமுற்றன. அதன் பின் அமைந்த மயாமி நீர்ப்பாதுகாப்பு மாவட்டம் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த ஐந்து அணைகளைக் கட்டியது. அவற்றில் ஒன்று ஹஃப்மன் அணை. வெள்ளம் வரும்போது நீர் தேங்கி நிற்க வேண்டிய தாழ்நிலத்திலிருந்து ஆஸ்பார்ன் என்ற ஊரே, சுமார் 400 வீடுகளுடன், வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. புல்வெளி இருந்ததும் அந்தத் தாழ்நிலத்தில்தான். 1917இல் படை அந்தப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்து வில்பரின் பெயரிலேயே விமானத் தளம் அமைத்தது. தளம் வளர்ந்து, இன்று பெரும் ஓடுதளங்களுடன் விரிந்து கிடக்கிறது. ஆனால் அந்த 84 ஏக்கர் மட்டும் கட்டடம் ஏறாமல் புல்லாகவே நிற்கிறது. அருகே அந்த வட்டாரத்துக்கே உரிய நெடும்புல்வெளி பேணப்படுகிறது. 1992 முதல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதி.

பொருளியலில் மீளா முடிவு என்றொரு கருத்து உண்டு. கென்னத் ஆரோவும் ஆந்தனி ஃபிஷரும் 1974இல் எழுதிய ஆய்வுரை இதை விளக்கியது. எதிர்காலம் பற்றி நமக்குத் தெளிவில்லாதபோது, திருத்திக்கொள்ள முடியாத முடிவை ஒத்திவைப்பதற்கே ஒரு தனி மதிப்பு உண்டு. சாதாரண இலாப நட்டக் கணக்கு அதைக் காட்டாது. வயலை மைதானமாக்கலாம், மைதானத்தை மீண்டும் வயலாக்கலாம். வயலைக் கான்கிரீட் ஆக்கிய பிறகு திரும்பும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும். ஹஃப்மன் புல்வெளி 1905இல் தோல்வியில் முடிந்திருந்தாலும் நட்டம் சில மாதத்து மேய்ச்சல் மட்டுமே. உளுந்தூர்பேட்டையில் நாம் இழந்தது எண்பது ஆண்டு விளைச்சல்.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தும் இரவல் நிலத்தில்தான் தொடங்கியது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஒரு மைதானத்திலிருந்து ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனிக்குப் பறந்தார். 1932இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்து இறங்கிய ஜுஹு, மழைக்காலத்தில் பயன்படுத்த முடியாத சேற்றுநிலம். மழை வந்ததும் விமானங்கள் பூனாவுக்கு இடம் மாறும். இன்றைய பெருவிமானங்களைப் புல்தரையில் இறக்க முடியாது என்பதை நான் அறியாதவன் அல்லன். விமான நிலையங்கள் வேண்டும். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் 5,000 ஏக்கருக்கும் மேல் எடுக்கத் திட்டமிட்டு, அதில் ஏரிகளும் நஞ்சையும் அடங்கும் என்று ஏகனாபுரம் உள்ளிட்ட கிராமங்களின் மக்கள் 2022 முதல் போராடிவரும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்வி, வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. நம் கணிப்பு பிழையானால் திரும்பி வர வழி உண்டா என்பதே. இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேசுகிறோம்; இந்தக் கேள்விக்குத் திட்ட அறிக்கைகளில் ஒரு பத்தியாவது ஒதுக்கப்பட வேண்டாமா?

புதிய திட்டம் எதற்கும் நிலம் எடுக்கும் முன், ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் நிலத்தை முதலில் கணக்கெடுக்க வேண்டும். உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு எனப் பழைய ஓடுதளங்கள் தமிழகத்தில் பல உண்டு. அவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கலாம். முடியாதென்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்த நிலத்தை ஏரிக்கோ காட்டுக்கோ மேய்ச்சலுக்கோ திருப்பித் தரும் வழியை ஆராயலாம். எடுத்த நிலம் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எடுக்கும்போதே எழுதப்பட வேண்டும். அதை நிறைவேற்றவும் வேண்டும்.

டேட்டனில் நான் நின்றிருந்த மாலையில் அந்தப் புல்வெளியின் மீது பறவைகள் சில வட்டமிட்டுக்கொண்டிருந்தன. பறவைகள் திரும்பும் விதத்தைப் பார்த்தே வில்பர் பறக்கும் கணக்கைச் சரிபார்த்தார் என்று படித்திருந்தேன். தம் நிலத்தில் ஓர் அடையாளக் கல்லைக்கூட நடச் சொல்லாமல், மாடுகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த அந்த வங்கிக்காரரின் பெயர்தான் இன்றும் அந்த இடத்துக்கு நிலைத்திருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தின் பக்கம் போனேன். என் தந்தை சொன்ன அந்த இறுகிய நிலம் அப்படியே இருந்தது. அதன் ஓரத்து வயலில் மணிலா பறித்துக்கொண்டிருந்தார்கள்.